மேல் மாடி அறைகளை மூடாதீர்கள்: எங்கள் இல்லத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டச் சொன்ன தாளை நான்கு முறை படித்தேன். மேல் மாடியில் உள்ள 11 ஒற்றை அறைகளும் மூடப்படும். அங்கே இருப்பவர்கள் கீழ்த்தளத்தில் நான்கு கட்டில் போட்ட அறைகளுக்கு மாற்றப்படுவார்கள். இனி யாருக்கும் அறையில் சாப்பாடு கிடையாது. உடன் இருப்பவர்களின் தூக்கம் கெடாமல் இருக்க, இரவு 8 மணிக்கு மேல் கைபேசியில் பேசக் கூடாது. இத்தனைக்கும் காரணமாக ஒரே ஒரு வரி: ‘முதியோரின் தனிமையைப் போக்கும் நடவடிக்கை.’

பணம் போதவில்லை, மாடியைப் பராமரிக்க ஆள் இல்லை என்று எழுதியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைக் கட்டியிருப்பேன். எங்கள் தனிமையைக் காரணம் காட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு முறை எழுதி ஆலோசனைப் பெட்டியில் போட்டேன். பதில் இல்லை. அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று வார்டனுக்கே தெரியவில்லை. சரி, எல்லோரும் படிக்கட்டும் என்று இதை வெளியில் எழுதுகிறேன்.

இந்த முடிவுக்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. படிவத்தோடு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். நல்ல பிள்ளைகள். மூன்று கேள்வி கேட்டார்கள். நேற்று எத்தனை பேரோடு பேசினீர்கள்? எத்தனை வேளை பொதுக்கூடத்தில் சாப்பிட்டீர்கள்? எத்தனை மணி நேரம் அறையில் தனியாக இருந்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு நான் ‘பத்தொன்பது’ என்றேன். பையனுக்கு முகம் வாடிவிட்டது. என் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைத்தான். மேல் மாடியில் இருக்கும் எல்லோருக்கும் சிவப்புதான் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. கீழே பெரும்பாலும் பச்சை.

அந்தப் புள்ளிகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

என் அடுத்த அறையில் இருக்கும் அம்மாவுக்குச் சிவப்புப் புள்ளி. முட்டி வலி, படி இறங்க மாட்டார். பகலில் அவர் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் இரவு 9 மணி ஆனால் போதும், அவருடைய அக்காவிடமிருந்து அழைப்பு வரும். அக்காவுக்குக் காது மந்தம். அதனால் இவர் கத்தித்தான் பேச வேண்டும். சுவர் மெல்லியது, எனக்குப் பாதிக் கதை தெரியும். எழுபது வருடத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சாமானை உடைத்தது யார் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. தினமும் ஒரு வாய்தா. தினமும் ஒரு சிரிப்பு. சில நாள் இருவரும் பேசாமல் அழைப்பைத் துண்டிக்காமலே இருப்பார்கள் போலிருக்கிறது, நடுவில் ஐந்து நிமிடம் சத்தமே வராது, அப்புறம் ‘ம், இருக்கியா?’ என்று ஒரு குரல். உங்கள் புதிய ஏற்பாட்டில் இந்த அம்மாவுக்கு மூன்று அறைத் தோழிகள் கிடைப்பார்கள். அக்கா போய்விடுவார். எட்டு மணிக்கு மேல் பேசக் கூடாது. எட்டுக்கு முன்னால் என்றாலும் மூன்று பேர் படுத்திருக்கும் அறையில் கத்திப் பேச அவருக்கு மனம் வருமா?

இரண்டாமவர் கீழ்த்தளத்துக்காரர், பச்சைப் புள்ளி. காலையிலிருந்து இரவு வரை பொதுக்கூடத்தில் டிவி முன்னால் மூன்றாவது நாற்காலியில் இருப்பார். அவரைச் சுற்றி எப்போதும் முப்பது, நாற்பது பேர். ஒரு நாள் மாலை படிக்கட்டில் என்னை நிறுத்தி, ‘என் பேர் என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?’ என்று கேட்டார். தெரியும் என்றேன். ‘பத்து நாளாச்சு, அந்தப் பேரை யாரும் சொல்லி’ என்றார். இங்கே வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோரையும் தாத்தா, பாட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள், குறை சொல்லவில்லை. நான் அவர் பெயரைச் சொன்னேன். ‘ம்’ என்றார். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டார்.

இந்த இருவரில் யார் தனியாக இருக்கிறார், யார் தனித்துப் போயிருக்கிறார்? தமிழில் தனிமை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேலை வாங்குகிறோம். விரும்பி ஒதுங்கி இருப்பதும் தனிமை, நெஞ்சை அடைக்கும் வெறுமையும் தனிமை. தொற்று நோய் வந்தபோது நோயாளியை அடைத்து வைத்ததற்கும் தனிமைப்படுத்துதல் என்றே பெயர் வைத்தோம். சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

இதை முறையாக அளக்க வழி இருக்கிறது. 1978-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் டான் ரஸல், லெட்டிஷியா பெப்லாவ், மேரி ஃபெர்குசன் ஆகியோர் உருவாக்கிய அளவுகோல் இன்றுவரை திருத்தித் திருத்திப் பயன்பட்டு வருகிறது. 20 கேள்விகள். நேற்று எத்தனை பேரோடு பேசினீர்கள் என்ற கேள்வி அதில் கிடையாது. பின்னால் வந்த வடிவத்தில் இருக்கும் ஒரு கேள்வி இது: சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்களோடு இல்லை என்று எத்தனை முறை தோன்றுகிறது? மூன்றாவது நாற்காலிக்காரரிடம் இதைக் கேட்டிருந்தால் பச்சைப் புள்ளி வைத்திருக்க மாட்டீர்கள். 20 கேள்விக்கு நேரம் இல்லை என்றால் 2004-இல் வந்த சுருக்க வடிவம் இருக்கிறது, வெறும் மூன்று கேள்வி. துணை இல்லை என்று எத்தனை முறை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எத்தனை முறை தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து விலகிப் போனதாக எத்தனை முறை தோன்றுகிறது. உங்கள் படிவத்திலும் மூன்று கேள்விதான். அதே காகிதம், அதே மை.

இதையெல்லாம் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் 26 வருடம் சரக்குக் கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். கப்பலுக்கு ஒரே ஒரு ரேடியோ ஆபீசர்தான். எஞ்சின் ரூமில் நாலு பேர் சேர்ந்து திட்டிக்கொள்ளலாம். கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் இரண்டு பேர் நின்று பேசலாம். எனக்கு ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ரிசீவர், புள்ளியும் கோடுமாகச் செய்தி அடிக்கும் மோர்ஸ் கீ. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் வாட்ச், அதாவது காது கொடுத்துக் கேட்கும் பணி, துண்டு துண்டாக. சுவரில் ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முகப்பில் 15-ஆவது நிமிடத்திலிருந்து 18 வரையும், 45-இலிருந்து 48 வரையும் சிவப்பு அடித்திருப்பார்கள். முள் அந்தச் சிவப்புக்குள் நுழைந்ததும் 500 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கும் எல்லாக் கப்பலும் எல்லாக் கரை நிலையமும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். எங்கோ ஆபத்தில் இருக்கும் ஒரு கப்பலின் மெல்லிய அழைப்பு மற்றவர்கள் சத்தத்தில் அமுங்கிவிடக் கூடாது. அந்த மூன்று நிமிடமும் எல்லோரும் கேட்போம், அவ்வளவுதான்.

சுற்றிலும் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய வரை ஆள் கிடையாது. ஆனால் அந்த மூன்று நிமிடங்களில் எனக்கு வெறுமை தோன்றியதே இல்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முகம் தெரியாத பல பேர் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் கப்பலுக்கு ஏதாவது ஆனால் அவர்கள் காதில் விழும்.

மோர்ஸ் அடிப்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. சிலர் கோட்டைக் கொஞ்சம் இழுப்பார்கள், சிலர் புள்ளிகளைத் தெறிக்க விடுவார்கள். கையெழுத்து மாதிரிதான். ஒரு கரை நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த ஒருவரை எனக்கு ஒன்பது வருடம் தெரியும். முகம் தெரியாது, குரல் தெரியாது, கை தெரியும். வேலை முடிந்ததும் 73 என்று அடிப்போம்; வாழ்த்துச் சொல்லி விடைபெறுவதற்கு எங்கள் தொழிலில் அதுதான் குறி. ஒரு நாள் அவர் 73-க்கு முன்னால் நிறுத்தி, ‘உன் கை இன்று கனமாக இருக்கிறதே, என்ன?’ என்று கேட்டார். அன்று விடியற்காலையில் என் அப்பா இறந்த செய்தியை வேறொரு நிலையத்திலிருந்து நானே கேட்டு நானே தாளில் எழுதி எடுத்திருந்தேன். கேப்டனிடம் கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அந்த மனிதருக்கு என் விரலை வைத்தே தெரிந்துவிட்டது.

கப்பலில் நான் தவித்ததே இல்லை என்று பெருமை அடிக்க வரவில்லை. தவித்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் விடுமுறை நாளை எண்ணி எண்ணித் தேய்ந்து போனேன். ஆனால் என் வாழ்க்கையிலேயே மோசமான தனிமை எங்கே வந்தது என்று கேட்டால், கடலைக் காட்ட மாட்டேன். பதினொரு மாதம் கழித்து வீடு திரும்பிய ஒரு விடுமுறையைத்தான் காட்டுவேன். இரவுச் சாப்பாடு, வீடு நிறைய ஆட்கள், யாரோ ஒரு சொல் சொன்னார்கள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. நான் இல்லாதபோது நடந்த ஏதோ ஒன்று. மனைவி என் பக்கம் திரும்பி விளக்கினாள். விளக்கி முடிக்கும்போது சிரிப்பு ஓய்ந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நானும் சிரித்து வைத்தேன். அன்று என்னைச் சுற்றி பதினான்கு பேர் இருந்தார்கள். உங்கள் படிவத்தில் எனக்குப் பச்சைப் புள்ளியே கிடைத்திருக்கும்.

அப்புறம் அவள் போனாள். பத்து நாள் வீட்டில் கால் வைக்க இடமில்லை. வந்தவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான். ஒருவர் கூட உதவவில்லை, உதவ முடியாது. ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். நெருக்கமான ஒருவர் இல்லாத தவிப்பு ஒன்று. தனக்கென்று ஒரு நட்பு வட்டம், ஒரு கூட்டம் இல்லாத தவிப்பு இன்னொன்று. முதலாவதை இரண்டாவதால் அடைக்க முடியாது என்கிறார். மறுபக்கமும் அப்படியே: கண்ணுக்குக் கண்ணான துணை பக்கத்தில் இருந்தாலும் புது இடத்தில் பழக யாரும் இல்லையென்றால் அந்தக் குறை தீராது. நாற்பது வருடம் கூட இருந்தவளை இழந்த ஒருவனிடம் மூன்று கட்டில்களை நகர்த்தி வைத்து, இந்தா துணை என்று சொல்வது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. குழுவில் ஒரு மருத்துவரும் இருக்கிறார், அவர் இதைச் சொல்லத்தான் போகிறார், நானே முந்திக்கொள்கிறேன். தனிமை உயிரைக் குறைக்கும் என்பது உண்மை. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சமூகத்திலிருந்து விலகி இருப்பவர்களுக்கு இறப்பு வாய்ப்பு 29 சதவீதம் அதிகம், தனிமை உணர்வு உள்ளவர்களுக்கு 26, தனியாகக் குடியிருப்பவர்களுக்கு 32. விலகி இருப்பதும் கெடுதல், வெறுமையும் கெடுதல், இரண்டையும் அவர்கள் ஒளிக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், ஏன் மூன்று எண்? மூன்றும் வெவ்வேறு விஷயம் என்பதால் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். நீங்கள் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிளறிவிட்டீர்கள்.

தனியாக இருப்பதில் ஆபத்து உண்டு என்பதற்கு நானே சாட்சி. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு மணி நேரம் கிடந்தேன். ஈரத் தரை, ஒரு பக்கக் கன்னம் அதில் ஒட்டியிருக்கிறது, கதவுக்கு அடியில் தெரியும் வெளிச்சத்தில் யாராவது கால் நிழல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். கடைசியில் அடுத்த அறை அம்மாதான், நான் வழக்கமாகப் போடும் செய்தி அன்று கேட்கவில்லையே என்று சந்தேகப்பட்டு ஆளைக் கூப்பிட்டார். கீழ்த்தளத்து நான்கு கட்டில் அறையில் இருந்திருந்தால் சீக்கிரம் கண்டுபிடித்திருப்பார்களா? இருக்கலாம். ஆனால் அதற்கு மருந்து கட்டிலை மாற்றுவது இல்லை. கை எட்டும் உயரத்தில், விழுந்தாலும் எட்டும் உயரத்தில், இழுத்தால் அடிக்கும் ஒரு மணி. அப்போதே கேட்டேன். வரும் என்றீர்கள்.

கப்பலில் இருந்தபோது நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்ளும் ஒரு கதை உண்டு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்ட் பேர்ட், 1934-இல் அண்டார்டிகாவின் குளிர்கால இருட்டில், பனிக்கு அடியில் புதைந்த ஒரு குடிலில் தன்னந்தனியாக மாதக்கணக்கில் தங்கி வானிலை குறித்துக்கொண்டிருந்தார். சக குழுவினர் இருந்த தளத்துக்கும் குடிலுக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர் பனி. தொடர்புக்கு ரேடியோ மட்டும்தான். அடுப்புப் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு மெல்ல மெல்ல அவரை விஷமாகத் தாக்கியது. தன்னைத் தேடி வந்து அவர்கள் இருட்டில் உயிரை விடக் கூடாது என்று அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் தளத்தில் இருந்தவர்கள் அவர் அனுப்பும் மோர்ஸ் குழறுவதைக் கவனித்துவிட்டார்கள். ஆகஸ்டில் மூன்று பேர் டிராக்டரில் போய்ச் சேர்ந்தார்கள், அவர் பிழைத்தார். அவரைக் கொல்லப் பார்த்தது புகை, தனிமை இல்லை. காப்பாற்றியது பக்கத்துக் கட்டில் இல்லை, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த காது. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

கைதியைத் தனிச்சிறையில் வைப்பது எவ்வளவு கொடியது என்று நினைத்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம் என்று குழுவில் ஒருவர் என்னிடம் சொன்னார். நல்ல எண்ணம்தான். அந்த விதியையும் கொஞ்சம் படித்துப் பாருங்கள். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறை விதிகளுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயர். அதில் 44-ஆவது விதி, ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் அடைத்து வைப்பதுதான் தனிச்சிறை என்கிறது. 15 நாளைத் தாண்டினால் நீண்ட தனிச்சிறை, அது கூடவே கூடாது. வெறும் ‘மனிதத் தொடர்பு’ என்று எழுதியிருந்தால், கதவின் ஓட்டை வழியாகத் தட்டை நீட்டும் காவலரும் கணக்கில் வந்துவிடுவார் அல்லவா? அதற்குத்தான் ‘பொருளுள்ள’ என்ற சொல் இருக்கிறது. பொதுக்கூடத்தில் நடக்கும் எத்தனை பேச்சு அந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்கள். ‘சாப்டாச்சா தாத்தா?’ ‘மாத்திரை போட்டாச்சா தாத்தா?’ பதிலைக் கேட்க நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கும் நேரம் இல்லை, ஆளும் போதாது, தெரியும்.

2020-இல் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததே, அப்போது ஆரம்பத்தில் எல்லோரும் சமூக இடைவெளி என்றுதான் சொன்னார்கள். அந்த மார்ச் மாதமே உலக சுகாதார நிறுவனம் அதை மாற்றி, உடல் அளவில்தான் இடைவெளி, மனிதர்களோடு தொடர்பை விடாதீர்கள் என்று சொல்ல ஆரம்பித்தது. ஆள் தள்ளி இருக்கலாம், உறவு தள்ளி இருக்கக் கூடாது என்பது அவர்களுக்கு அத்தனை நெருக்கடியிலும் புரிந்தது. நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யப் போகிறீர்கள். ஆட்களை நெருக்கமாக வைத்துவிட்டு, அடுத்த அறை அம்மாவின் அக்காவைத் தள்ளிவிடுகிறீர்கள். கதவு சாத்திய அறையில்தான் ஒருவரால் அழ முடியும், கடிதம் எழுத முடியும், மகனிடம் மனம் விட்டுப் பேச முடியும். நான்கு பேர் அறையில் எல்லோரும் நல்ல பிள்ளையாக நடித்துக்கொண்டிருப்போம். நடிக்கிறவனுக்கு யார் துணை?

பேச்சுத் துணைக்கு வரும் தன்னார்வலர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதத்தில் என்றைக்கோ வருகிறார்கள். முன்கூட்டிச் சொல்வதில்லை. வந்தால் புது முகம். பெயர் கேட்டு, ஊர் கேட்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த முறை வேறொருவர், அதே கேள்விகள். என் பிள்ளைகளின் எண்ணிக்கையை இதுவரை பதினேழு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் 1976-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு அப்படியே பொருந்தும். முதியோர் இல்லம் ஒன்றில் 40 பேர், நான்கு குழு. எல்லோரையும் பார்க்கக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள், ஒரு குழுவைத் தவிர. முதல் குழுவில் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று முதியவரே முடிவு செய்தார். இரண்டாவது குழுவுக்கு வருகிற நேரம் முன்பே சொல்லப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு எந்தத் தகவலும் இல்லை, திடீரென்று வந்து நின்றார்கள். வருகைகளின் அளவை மூன்று குழுவுக்கும் சமமாக வைத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு குழுக்களும் தேறின. மூன்றாவது குழுவுக்கும், யாருமே வராத குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியமானது பின்னால் தெரிந்தது. சோதனை முடிந்து மாணவர்கள் வருவது நின்றபோது, தேறியிருந்தவர்கள் சரிந்தார்கள். ஆகவே ஒரு முறை ஏற்பாடு செய்துவிட்டு நடுவில் கைவிடுவதற்கு, ஏற்பாடே செய்யாமல் இருக்கலாம். தயவுசெய்து இதை உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

அறை மாற்றத்தை நிறுத்தி வையுங்கள். மேல் மாடியில் இருக்கும் 11 பேரையும் ஒவ்வொருவராக, கதவைச் சாத்திக்கொண்டு, அவசரப்படாமல் கேளுங்கள். எல்லோரும் என் மாதிரி இருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசி அறையில் இருப்பவர் கூட ஒருவர் இருந்தால் தேவலை என்று என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அவரை நாளைக்கே கீழே கொண்டு போங்கள், சந்தோஷப்படுவார். விருப்பம் இல்லாதவரை மட்டும் நகர்த்தாதீர்கள்.

கணக்கெடுப்பை மறுபடி எடுங்கள், மேலே சொன்ன மூன்று கேள்விகளோடு. நான்காவதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லி என் விண்ணப்பம்: யாரோடு பேச ஆசைப்பட்டு முடியாமல் இருக்கிறீர்கள்? அந்தப் பதில்களில் பாதியை ஒரு கைபேசியும், பொடி எழுத்தில் சேமித்த எண்ணைத் தேடிக் கொடுக்கும் ஒரு பிள்ளையும் தீர்த்துவிட முடியும். இரவு எட்டு மணித் தடையை எடுத்துவிடுங்கள். கீழ்த்தளத்தில் ஏற்கெனவே நான்கு பேர் அறையில் இருப்பவர்களுக்காக, அலுவலகத்துக்குப் பக்கத்தில் பழைய மெத்தை அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறையைக் காலி செய்து, ஒரு நாற்காலி போட்டு, உள்ளே தாழ்ப்பாள் வைத்துக் கொடுங்கள். பேச வேண்டியவர் போய்ப் பேசிவிட்டு வரட்டும்.

குளியலறை மணிகளை இந்த மாதமே போடுங்கள். காலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒருவர் மாடிக்கு வந்து ஒவ்வொரு கதவையும் தட்டி, பதில் வரும்வரை நிற்கட்டும். மாடியை மூடிக் கட்டில்களை இறக்கி அடுக்குவதை விட இது செலவு குறைவு. அறையில் சாப்பாடு கேட்பவருக்கு அறையில் கொடுங்கள். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட விரும்புகிறார் என்று கேட்டு, அந்த மேசையில் இடம் போடுங்கள்.

தன்னார்வலர்களில் எண்ணிக்கை வேண்டாம். நான்கு பேர் போதும். ஒவ்வொருவருக்கும் இன்னாரைத்தான் பார்க்க வேண்டும், இந்தக் கிழமை, இந்த நேரம் என்று வைத்துவிடுங்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் வரச் சம்மதிக்காதவரை ஆரம்பத்திலேயே அனுப்பிவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு கதவிலும் கட்டிலிலும் எண்ணுக்குப் பக்கத்தில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளிடம், பெயரோடு அய்யா, அம்மா சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள். பொதுக்கூடத்தின் மூன்றாவது நாற்காலியிலிருந்து ஆரம்பியுங்கள்.

இதற்குப் பதிலை வருகிற 20-ஆம் தேதிக்குள், எழுத்தில், அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒத்துக்கொள்ள முடியாதது எது, ஏன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நேரில் பேச வேண்டும் என்றால் மேல் மாடியில் இடது பக்கம், கடைசிக்கு முந்தின அறை. காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். கதவு சாத்தியிருக்கும். தட்டுங்கள், திறக்கிறேன்.

இப்படிக்கு,
மேல் மாடியில் குடியிருக்கும் ஒரு முன்னாள் ரேடியோ ஆபீசர்